குந்துவதா, நடப்பதா

1962ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி, புதன்கிழமை, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் துணுக்காய்ப் பகுதி அரசாங்க மருத்துவிச்சி சிவனேஸ்வரியின் இடது இடுப்பு எக்ஸ்றே படம் எடுக்கப்பட்டது. அவருக்கு வயது முப்பத்தெட்டு.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பிரசவத்துக்குப் போகும் வழியில் சைக்கிளோடு மதகில் விழுந்திருந்தார். தொடையெலும்பின் கழுத்து வெடித்தது அப்போது யாருக்கும் தெரியவில்லை. எண்ணெய் பூசிக்கொண்டு பத்து நாள் கிடந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இப்போது இரத்தம் ஓடாமல் எலும்பின் உருண்டைத் தலை உதிர்ந்துகொண்டிருந்தது. படத்தில் அது கறையான் அரித்த கட்டையைப் போலத் தெரிந்தது.

சத்திரசிகிச்சை நிபுணர் இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, மூட்டைச் சுரண்டி எலும்போடு எலும்பைப் பிணைத்துவிடுவது. நான்கு மாதம் நெஞ்சிலிருந்து கால்வரை பிளாஸ்டரில் கிடக்கவேண்டும். பிறகு வலி இராது, மைல் கணக்கில் நடக்கலாம். ஆனால் அந்த இடுப்பு ஆயுளுக்கும் மடங்காது. மற்றது, பழுதான தலையை வெட்டி எடுத்துவிடுவது. கால் குட்டையாகும், ஊன்றி நடக்கப் பொல்லு வேண்டும், அரை மைலுக்கு மேல் நடப்பது கடினம், ஆனால் குந்தலாம். உலோகத் தலை வைக்கும் முறையும் உண்டுதான், நிலத்தில் குந்தியெழும்பும் ஆளுக்கு அது நிலைக்காது, தான் செய்யமாட்டேன் என்றார். பிணைப்பதே நல்லது என்பது அவருடைய எண்ணம். வவுனியா ஆஸ்பத்திரிப் பிரசவ வாட்டுக்கு மாற்றம் கேட்கலாம். அங்கே உயரக் கட்டில், நின்றபடி வேலை. மார்ச் 7ஆம் திகதி வந்து படுக்கவேண்டும். எது என்பதை அன்று சொன்னால் போதும்.

ரயிலில் மாங்குளம் வரும்வரை சிவனேஸ்வரி இருக்கவில்லை. ஆசனம் கிடைத்தும் யன்னலோரம் நின்றார், பிறகு கதவடிக்குப் போனார், திரும்பி வந்தார். கூட வந்த கணவர் மயில்வாகனம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். மனைவி படுக்கையில் திரும்பும்போதெல்லாம் பல்லைக் கடிக்கும் சத்தத்தை மூன்று வருடமாகக் கேட்டவர். பஸ் துணுக்காயை அடையுமுன்னே அவர் மனதுக்குள் வவுனியாவில் வீடு பார்க்கத் தொடங்கிவிட்டார்.

சிவனேஸ்வரிக்கு வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டுப் படலைவரை போவார், வந்து மூடியைத் திறப்பார், மறுபடி போவார். நான்காம் நாள் கணவரிடம் ஒரு சவர்க்காரப் பெட்டிப் பலகை கேட்டார். விலாவிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேல்வரை அதை இடப்பக்கம் வைத்து, பழைய வேட்டிக் கிழிசல்களால் இறுக்கிக் கட்டச் சொன்னார். பிணைத்த இடுப்போடு வாழ்வது எப்படியென்று ஒரு கிழமை பார்க்கப் போவதாகச் சொன்னார்.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடம்வரை நடந்து போய்த் திரும்பினார். மூட்டு அசையாததால் வலி பாதியாகக் குறைந்திருந்தது. மயில்வாகனத்துக்குச் சந்தோசம். கக்கூசுக்கு ஒரு மரப்பெட்டியில் வட்டமாக ஓட்டை வெட்டிக் கொடுத்தார். அடுப்பை மேசையில் ஏற்றினார். செருப்பை அவரே மாட்டிவிட்டார். ஐந்து நாள் எல்லாம் பிணைப்பதன் பக்கமே சாய்ந்திருந்தது.

ஆறாம் நாள் காலை குடியேற்றத் திட்டத்திலிருந்து மாட்டு வண்டில் வந்தது. கமலாசனிக்கு மூன்றாவது பிரசவம். சிவனேஸ்வரி பலகையை அவிழ்க்கவில்லை. வைக்கோலில் நீட்டிப் படுத்தபடி போனார்.

மண்வீடு. காலபோகத்தில் அறுத்த நெல் மூட்டைகளாகச் சுவரோடு அடுக்கியிருந்தது. நிலத்தில் பாய் விரித்திருந்தார்கள். சிவனேஸ்வரி நாலு மூட்டைகளைக் கட்டில் உயரத்துக்கு அடுக்கச் சொல்லி, மேலே மெழுகுசீலை விரிப்பித்து, கமலாசனியை அதில் ஏற்றினார். மாமியார் இராசமலருக்கு இது பிடிக்கவில்லை.

"நெல்லுக்கு மேல பெத்தா லெச்சுமியெண்டுதான் பேர் வைக்கோணும்," என்றார்.

"பெடியனெண்டா?" என்று கேட்டாள் கமலாசனி.

"அப்ப மூட்டை."

வலி ஏற ஏற அந்தப் படுக்கை சரிப்படவில்லை. குதிக்காலை ஊன்ற இடமில்லை. முக்கும்போதெல்லாம் மூட்டைகள் நழுவின. கமலாசனி யார் சொல்லையும் கேளாமல் வழுக்கி இறங்கி, வீட்டின் நடுக்கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். முதல் இரண்டையும் அவள் அப்படித்தான் பெற்றிருந்தாள். தலை தெரிந்தது.

சிவனேஸ்வரி இடது முழங்காலை நிலத்தில் ஊன்றி முன்னுக்குச் சாய்ந்தார். பலகை விலாவில் இடித்தது. கை எட்டவில்லை. இன்னும் சாய்ந்தபோது நிலை தவறிச் சுவரைப் பிடித்தார். தலை வெளியே வந்துவிட்டது. கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி கிடந்தது.

"அம்மா, அரிவாளை எடுங்கோ. இந்தக் கட்டுகளை வெட்டுங்கோ," என்றார் இராசமலரிடம்.

கத்தரிக்கோல் பக்கத்தில்தான் இருந்தது. அது கொடிக்காக அவித்து வைத்தது. அதைத் தொட விடவில்லை. இராசமலர் நெல் அரிவு வெட்டிய அரிவாளால் சேலைக்கு மேலாகவே துணிகளை அறுத்தார். பலகை விழுந்தது. சிவனேஸ்வரி குந்தினார். இடுப்புக்குள் எலும்போடு எலும்பு உரசுவது அவருக்கே கேட்டது. விரலை நுழைத்துக் கொடியைத் தலைக்கு மேலால் கழற்றினார். அடுத்த முக்கலில் பிள்ளை கைக்கு வந்தது. ஆண்பிள்ளை. உடனே அழவில்லை, முதுகைத் தேய்த்த பிறகு அழுதது. எல்லாம் முடிந்தபின் இரண்டு பேர் அவரைத் தூக்கி நிறுத்தவேண்டியிருந்தது.

மயில்வாகனம் விசயத்தைக் கேட்டுவிட்டு, இது நூற்றில் ஒன்று என்றார். வவுனியாக் கட்டில் நழுவாது என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார்.

"வவுனியாவில வேற மிஸ்ஸிமார் இருக்கினம்," என்றார் சிவனேஸ்வரி. "இஞ்ச நான் ஒராள். நடக்க ஏலாட்டி வண்டில் அனுப்புவினம். குந்த ஏலாட்டி நான் போய் என்ன செய்யிறது?"

"பிறகு நோகுதெண்டு என்னட்டைச் சொல்லக்கூடாது."

"சொல்லுவன்."

அனுப்பும் வண்டில் பிந்தினால் என்ன செய்வாய் என்று மயில்வாகனம் கேட்கவில்லை. அந்தக் கேள்வி சிவனேஸ்வரிக்கும் இருந்தது. மார்ச் 6ஆம் திகதி இரவு பெட்டி கட்டியபின் அதைத் திறந்து மறுபடியும் அடுக்கினார்.

மார்ச் 7ஆம் திகதி, எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிடும்படி நிபுணரிடம் சொன்னார். அவர் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு எழுதினார். 9ஆம் திகதி சத்திரசிகிச்சை நடந்தது. ஆறு கிழமை காலில் எடை தொங்கவிட்டுப் படுத்திருந்தார். இடது கால் இரண்டேகால் அங்குலம் குறைந்தது.

ஜூலை 2ஆம் திகதி துணுக்காயில் வேலைக்குத் திரும்பினார். டிசம்பர் முடியும்வரை நாற்பத்தொரு பிரசவங்களுக்கு அழைப்பு வந்தது. முப்பத்துநாலை அவர் பார்த்தார். ஏழில், வண்டில் போய்ச் சேருமுன் குழந்தை பிறந்துவிட்டது; அவற்றில் ஒன்று தப்பவில்லை.