அவசரத்துக்கு மட்டும்

என் வீட்டுக்காரரைக் கட்டி நிற்க வைப்பதற்குப் பழைய போர்வைகள்தான் தோதாக இருந்தன. கயிறு கட்டினால் தோலை அறுக்கும், பெல்ட் போட்டால் வழுக்கும். சக்கரப் படுக்கையின் மேல்பலகையை மட்டும் கழற்றி, அதில் அவரைப் படுக்க வைத்து, மார்புக்கு ஒரு போர்வை, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று இறுக்கி முடிந்துவிடுவோம். பாதம் கீழே சறுக்காமல் இருக்கப் பலகையின் அடியில் ஒரு கட்டையை அறைந்திருந்தார் பக்கத்து வீட்டுப் பெயின்டர். பிறகு பெயின்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து, பலகையோடு மெல்ல நிமிர்த்தி, லிஃப்டுக்குள் நகர்த்துவோம். "பீரோ வருது, வழி விடுங்கப்பா" என்பார் இவர். நடைபாதையில் நிற்கிறவர்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்குவார்கள். இவரும் சிரிப்பார். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுடையது மூன்றாவது கட்டடம், ஒன்பதாவது மாடி. எங்கள் லிஃப்டில் நாலு பேர் தாராளமாக நிற்கலாம். ஒருத்தர் படுக்க முடியாது. இவருக்கோ உட்காரவே முடியாது. முதலில் சிறுநீரகம் போயிற்று. வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அது பழகிப்போன நேரத்தில் இங்கே குடிவருவதற்கு முன் இருந்த வாடகை வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இந்த எலும்பு கம்பியைத் தாங்காது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். எலும்பு தானாகவே கூடியது. ஆனால் மடங்காமல் கூடிவிட்டது. ஆகவே இவருக்குப் படுக்கை ஒன்றுதான் கதி. சுத்தம் செய்த கையோடு ஆளை நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், அப்படியே போய்விடவும் கூடும் என்று நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். நானும் தலையாட்டிவிட்டு வந்து, அவரை நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தேன். வேறென்ன செய்ய? ஒன்பது மாடிக்கு வேறு எப்படிக் கொண்டுபோவதாம்?

இத்தனைக்கும் இந்தக் கட்டடங்களை வரைந்தது யாரோ எவரோ இல்லை. என் நாத்தனார். இவருடைய கூடப்பிறந்த தங்கை. வளர்ந்து ஆளாகி, தலையில் நாலு நரையும் வந்த பிறகும் இவருக்கு அவள் 'பொடிசு'தான்.

ஊரின் நடுவில் சந்தைக்குப் பின்னால் இருந்த எங்கள் வரிசை வீடுகளை இடித்துவிட்டு, அதே மனையில் நாலு கட்டடங்கள் எழுப்புவதாக ஏற்பாடு. முதல் கட்டடம் விற்பனைக்கு. மற்ற மூன்றும் அங்கே குடியிருந்த எங்களுக்கு. அந்த வேலை பொடிசு இருக்கும் அலுவலகத்துக்கு வந்ததும் அவள் தலைகால் புரியாமல் ஆடினாள். ஊர் பெருத்துக்கொண்டே போகிறது, ஜனங்கள் மேலே மேலேதான் குடியிருந்தாக வேண்டும், ஆனால் கோழிக்கூண்டை அடுக்கினதுபோல் அடுக்கினால் மனுஷன் மனுஷனைப் பார்க்க மாட்டான் என்பாள். நாலு கட்டடத்துக்கும் நாலு பெரிய லிஃப்டு வைக்கச் சொல்லிக் கேட்டாள். கட்டடம் கட்டுகிற முதலாளி முடியவே முடியாது என்றுவிட்டார். அப்படியானால் ஒரே ஒரு பெரிய லிஃப்டு, அது முதல் கட்டடத்தில் இருக்கட்டும். ஏழாவது மாடியில் நாலையும் ஒரு அகலமான பாலத்தால் இணைத்துவிடுவோம், யாருக்குத் தேவையோ அவர்கள் பாலம் வழியாக வந்து போகட்டும் என்று வாதாடி ஜெயித்தாள். எங்கள் மாடியிலிருந்து ஏழாவது மாடிக்கு எப்படி இறங்குவதாம் என்று நான் கேட்டதற்கு, சாய்தளம் வைத்திருக்கிறேன், படுக்கையைத் தள்ளிக்கொண்டே இறங்கலாம் அண்ணி என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

அட்டையில் செய்த மாதிரிக் கட்டடத்தை ஒருநாள் வாடகை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்து இவர் கட்டில் பக்கத்தில் வைத்தாள். பார்க்க அவ்வளவு அழகு. விரல் நகம் உயரத்துக்கு அட்டையில் வெட்டிய மனுஷர்கள் வாசலிலும் பாலத்திலும் ஒட்டியிருந்தார்கள். இவர் தலையைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் நிக்கிறாங்களே பொடிசு. இதுல நான் எங்க இருக்கேன்?"

அவள் பையிலிருந்து கத்தியை எடுத்து, இன்னொரு ஆளை வெட்டி, பாலத்தின் நடுவில் படுத்தவாக்கில் வைத்து ஒட்டினாள். "இதோ நீ. ஜம்முனு படுத்துக்கிட்டே போற" என்றாள். இவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

குடிவந்த புதிதில் அப்படித்தான் போனார். பொய் சொல்லக் கூடாது, அந்தப் பாலம் எங்களுக்குப் பெரிய கொடுப்பினை. மாலையானால் எங்கள் மூன்று கட்டடத்துப் பெண்களும் அங்கே கால் நீட்டி உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். பிள்ளைகள் சைக்கிள் விடும். நான் இவரைத் தள்ளிக்கொண்டு வந்தால் சைக்கிளெல்லாம் ஓரம் போகும், ஆளுக்கு ஒரு விசாரிப்பு விசாரிப்பார்கள். முதல் கட்டடத்தின் பெரிய லிஃப்டில் படுக்கையை நுழைத்தால் தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒரு சாண் மிச்சம் இருக்கும். அண்ணன் உயரத்தை மனதில் வைத்து அளந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரே ஒரு தொல்லை, காற்று. ஏழாவது மாடி இடைவெளியில் அது சீறிக்கொண்டு வரும். நடக்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம். மல்லாந்து கிடக்கிறவர் எங்கே குனிவது? "காத்து மூஞ்சியில அறையுது பொடிசு, மூச்சு முட்டுது" என்று ஒருநாள் தங்கையிடம் சொன்னார். சொன்னது அவ்வளவுதான். அலுவலகத்தில் யார் யாரையோ பிடித்து, காற்று வருகிற பக்கத்தில், பாலம் முதல் கட்டடத்தில் சேரும் இடத்தில், கனமான கண்ணாடிக் கதவு ஒன்றைப் போடவைத்தாள். கதவு வந்தது, கூடவே அதன் பூட்டும் வந்தது. பூட்டு உள்பக்கம். உள்பக்கம் என்றால் முதல் கட்டடத்தைக் காசு கொடுத்து வாங்கினவர்கள் பக்கம்.

அது பூட்டிக்கொள்ளும் என்று அவளுக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று நான் கேட்காத நாள் இல்லை. அவளுடைய வரைபடத்தில் கதவு என்றால் சுவரில் ஒரு இடைவெளி, பக்கத்தில் ஒரு கால்வட்டக் கோடு. கதவு திறந்து நிற்பதாகத்தான் எப்போதும் வரைவார்களாம். மூடின கதவை யாருமே வரைவதில்லையாம். நல்ல படிப்பு போ.

முதலில் இரவில் பூட்டினார்கள். அப்புறம் மத்தியானத்தில், அவர்கள் தூங்க வேண்டுமாம். பிள்ளைகள் சத்தம், காய்த்தோல், லிஃப்டில் யாரோ துப்பியது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து கடைசியில் எந்நேரமும் பூட்டிக் கிடந்தது. கதவைத் தட்டி, காவலாளியைக் கெஞ்சி, அவர் போய் அந்தக் கட்டடத்துச் சங்கச் செயலாளரைக் கேட்டு வரும்வரை பாலத்தில் காத்துக் கிடப்போம். செயலாளர் மோசமான மனுஷர் இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியார். இவரைப் பார்த்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று இரண்டு வார்த்தை கேட்காமல் போக மாட்டார். ஆனால் கட்டடத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ததை அவர் ஒருத்தர் எப்படி மீறுவார்?

கடைசியில் கூட்டம் போட்டார்கள். நாலு கட்டடத்துக்காரர்களும், முதலாளியின் மேனேஜரும், பொடிசும் வந்தார்கள். இவரையும் படுக்கையோடு ஓரமாக வைத்திருந்தேன். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு செயலாளர் எழுந்து, வரைந்தவர்களே இருக்கிறார்கள், அவர்கள் வாயாலேயே கேட்டுவிடுவோம் என்றார். அந்த லிஃப்டு எல்லோருக்கும் எந்நேரமும் பொது என்றுதான் வரைந்தீர்களா என்று பொறுமையாகக் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பொடிசு மேனேஜரைப் பார்த்தாள். பக்கத்து மனையில் இன்னும் எட்டுக் கட்டடங்கள் வரப்போகின்றன, அந்த வேலையும் அவள் கைக்குத்தான் வரும் என்று பேச்சு. மேனேஜர் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அவசரத்துக்குக் கண்டிப்பா திறந்துவிடணும்" என்றாள் பொடிசு. "அவசரத்துக்கு மட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கக்கேடு, நானும் தட்டினேன். நமக்காகத்தானே பேசியிருக்கிறாள் என்று நினைத்தேன். படுக்கையைத் திருப்பித் தள்ளும்போதுதான் இவர் முகத்தைப் பார்த்தேன். பொடிசு ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, சரிதானே அண்ணா என்றாள்.

"நான் அவசரம் இல்லையேம்மா" என்றார் இவர். குரலில் கோபமே இல்லை. "நான் வழக்கம். வாரத்துக்கு மூணு தடவை வர்றவனை யாராவது அவசரம்னு சொல்வாங்களா? எனக்கு அவசரம் ஒரே ஒரு தடவைதான் வரும்."

அவள் முகம் செத்துவிட்டது. பிற்பாடு என்னிடம் வந்து அழுதாள். எந்நேரமும் என்று சொல்லியிருந்தால் புது மனையில் பாலமே வேண்டாம் என்றிருப்பார்கள் அண்ணி, பூட்டினாலும் பாலம் என்று ஒன்று இருந்தால் என்றைக்காவது திறக்கலாம், இல்லாத பாலத்தை யார் திறப்பது என்றாள். அதிலும் நியாயம் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. அந்த நியாயத்தை நான் எந்த அடுப்பில் வைத்துச் சமைப்பது?

அதன் பிறகுதான் போர்வை, பலகை, பீரோ எல்லாம்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, கீழே வைத்துக் கட்டி, நிமிர்த்தி, லிஃப்டில் ஏற்றினோம். ஏறும்போதே இவர் பீரோ என்று சொல்லவில்லை. அசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நாலாவது மாடி தாண்டும்போது தலை என் தோளில் சாய்ந்தது. ஆசையாகச் சாய்கிறார் என்றே ஒரு கணம் நினைத்தேன். பெயின்டர்தான் முதலில் கண்டுபிடித்தார். "அக்கா, கண்ணு சொருகுது" என்றவர் கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கினார். அதற்குள் ஆறைத் தாண்டிவிட்ட லிஃப்டு ஏழாவது மாடியில் நின்றது. பலகையோடு இழுத்துப் பாலத்தில் படுக்க வைத்தோம். நான் ஓடிப்போய்க் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தேன்.

எவ்வளவு மரியாதையாகத் திறந்தார்கள் தெரியுமா. காவலாளி யாரையும் கேட்கவில்லை. செயலாளர் பனியனோடு ஓடிவந்து கதவைத் தன் முதுகால் தாங்கிக்கொண்டு நின்றார். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தர் கீழே வண்டியை நிறுத்தி வைக்க ஓடினார். பெரிய லிஃப்டுக்குள் இவரை வைத்தார்கள். தலைப்பக்கம் ஒரு சாண், கால்பக்கம் ஒரு சாண். குலுங்காமல் இறங்கியது. நான் இவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

பிழைத்துக்கொண்டார். இந்தத் தடவை. அடுத்த முறை நிமிர்த்தினால் எங்களிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று டாக்டர் நேரடியாகவே சொல்லிவிட்டார். இன்று மாலை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

காலையில் பொடிசுக்கு முதலாளியிடமிருந்து அழைப்பு, புது மனை விஷயமாக. நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பினேன். வழியெல்லாம் நான் அவள் கையை விடவில்லை. "நீ சொன்ன வார்த்தையை நீயேதான் திரும்ப எடுத்துக்கணும்" என்றேன். "உன் வாயால பூட்டினதை வேற யாராலயும் திறக்க முடியாது." அவள் சொல்றேன் அண்ணி, சொல்றேன் என்றாள். ரொம்ப மெல்லச் சொன்னாள்.

முதலாளியின் அலுவலக வாசலறையில், குளிர்ந்த காற்றில், பொடிசு செய்த அதே அட்டைக் கட்டடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். விளக்கெல்லாம் போட்டிருந்தது. எட்டுப் புதுக் கட்டடங்கள் பக்கத்தில் சேர்ந்திருந்தன. அவற்றுக்கும் பாலம் உண்டு. காத்திருக்கச் சொன்னதால் குனிந்து பார்த்தேன். எங்கள் பாலத்தில் அந்த அட்டை மனுஷனைத் தேடினேன். முதலில் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. யாரோ துடைக்கிறவர்கள், பாவம், விழுந்து கிடக்கிறதென்று நினைத்திருப்பார்கள். பாதத்தில் பசை வைத்து, மற்றவர்களைப்போல அவரையும் நேராக நிற்க வைத்திருந்தார்கள்.

பொடிசும் பார்த்துவிட்டாள். பெட்டியின் மூடியைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, ஒரு விரலால் அவனைப் படுக்க வைக்கப் பார்த்தாள். அவன் வளைந்து வளைந்து நிமிர்ந்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கணுக்காலில் முறிந்து அவள் உள்ளங்கைக்கு வந்துவிட்டான்.

என் பையில் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர். எந்த நேரத்துக்கு வண்டி அனுப்பட்டும் என்று கேட்பார்கள். அதே நேரம் உள்ளறைக் கதவு திறந்து, மேனேஜர் அவளை வரலாம் என்று கூப்பிட்டார். அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டு உள்ளே போனாள். கதவு அவள் பின்னால் தானாகவே சாத்திக்கொண்டது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் பெட்டியைப் பார்த்தபடி நின்றேன். பாலத்தின் நடுவில், பசையில், இரண்டு பாதங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.