மூன்றாம் பலகை

காலை ஒத்திகையில் மேடையின் மூன்றாம் பலகை கிறீச்சிட்டது. வயலின் வாசிக்க வந்த அம்மா வில்லை நிறுத்திவிட்டுக் காலடியைப் பார்த்தார். மேனேஜர் மேடைத் தச்சரைப் பார்த்தார்.

"சாயங்காலம் இது வாயைத் திறந்துச்சுன்னா, நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்" என்றார், சிரித்த முகமாகவே.

இந்த வயசில் வேறு எந்த வாசலில் போய் நிற்பது? தச்சர் மேடைக்கு அடியில் தவழ்ந்து போய், பலகைக்கும் கீழ்ச்சட்டத்துக்கும் நடுவே ஒரு மரத்துண்டை அடித்து இறுக்கினார். சத்தம் நின்றது.

சாயங்காலம் முதலில் ரஷ்ய இசை. மனசு கேட்காமல் அவர் டார்ச்சோடு மறுபடி அடியில் போய் உட்கார்ந்தார். மேலே முரசு அதிர அதிர, மரத்துண்டு நூல் நூலாக நழுவியது. கையை நீட்டுவதற்குள் கடைசி அடியில் கழன்று விழுந்து இரண்டாகப் பிளந்தது.

கைதட்டல் எழுந்தது. விளக்கு பார்க்கிற மச்சான் பக்கக் கதவில் தலையை நீட்டினார்.

"மாமா, வயலின் அம்மா மேடைக்குக் கிளம்பிட்டாங்க. அடுத்தது ஃபின்லாந்து இசை. ஆரம்பம் மூச்சு விடற மாதிரிதான் இருக்கும். கொசு பறந்தாக்கூடக் கேட்கும்."

"கட்டை போச்சு மச்சான்."

"வேற கட்டை?"

"இருக்கு. நான்தான்."

மண்டியிட்டு, கழுத்தை ஒடித்து, வலத் தோளைப் பலகைக்கு முட்டுக்கொடுத்தார். காலடிகள் வந்து நின்றன. அந்தம்மாவின் கனம் தோளில் இறங்கியது.

வயலின் எழுந்தது. அவருக்கு அது காதில் விழவில்லை. தோள் எலும்பில் ஊறியது. இசை வேகம் பிடிக்கவும் அந்தம்மா குதிகாலிலிருந்து முன்காலுக்கு மாறினார். ஒவ்வொரு தடவையும் இவர் மூச்சடக்கிப் பலகையோடு ஏறி இறங்கினார். மூக்கில் தூசி. தும்மல் வந்தால் குடி முழுகிப் போகும். பலகைக்குப் பதிலாகத் தன் முழங்கால் நெட்டி முறித்துவிடுமோ என்று வேறு பயம். ஒத்திகையில் பார்த்தது முப்பத்திரண்டு நிமிஷம். எத்தனை போயிற்று, எத்தனை பாக்கி, ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு வழியாக முடிந்தது. அரங்கமே எழுந்து கைதட்டியது. அவர் தோளை எடுக்கப் போனார்.

"மாமா, விட்டுடாதீங்க" என்று மச்சான் ஓடி வந்தார். "ஜனங்க விட மாட்டேங்கறாங்க. இன்னொண்ணு வாசிக்கப் போறாங்களாம்."

"எவ்வளவு நேரம்?"

"யாருக்குத் தெரியும்? இது அவங்க தனியா. துணைக்கு ஒரு வாத்தியம்கூடக் கிடையாது."

கைதட்டல் ஓய்வதற்குள் தச்சர் அவசரமாக வலத் தோளை இறக்கி, இடத் தோளைக் கொடுத்தார்.