உள்ளே போய்த் தொலைடா

1

விருந்தொன்றில் ஒருவர், "தடுப்பாட்டம்னா தடுக்கிறதுதானேம்மா" என்று எனக்கே பாடம் எடுத்தார். அந்த எரிச்சலில் பிறந்தது இந்தக் கதை.

ஓஹையோவின் டிசம்பர்ப் பனியில் அந்த மாவீரர்கள்— (இந்த வரியை அடித்துவிட்டேன். மாவீரர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.)

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கணக்குப் பட்டம். வேலை: பந்தைக் கையில் தூக்கி ஓடும் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றுக்காக மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, மைதானத்தில் நிற்கும் கோச் டோஸ்டாலின் காதில் நேரக்கணக்கு சொல்வது.

2

நாங்கள் ஒரு புள்ளி முன்னால். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. பந்து எதிரணியிடம், எங்கள் கோட்டுக்கு மிக அருகில்; பந்தோடு அதைத் தாண்டினால் ஆறு புள்ளி. கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு எங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. (கடைசியைக் கோச் வீணாக்கினார், நடுவரோடு சண்டை போட.) அவர்கள் நேரத்தைக் கரைத்து, கடைசி நொடியில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி. எங்கள் கதை முடிந்தது.

"அவங்களை இப்பவே உள்ள விடுங்க, கோச். ஸ்கோர் பண்ணட்டும். மிச்ச நேரத்துக்குப் பந்து நமக்கு வரும், திருப்பி அடிக்கலாம்."

"விடறதா? தடுக்கத்தாம்மா சம்பளம் குடுக்குறாங்க!"

"தடுத்தா தோத்துடுவோம்."

"உன் பேச்சக் கேட்டுத் தோத்தா, நாளைக்கு உனக்கு இங்க நாற்காலி கிடையாது."

"நடுவர்கிட்ட நீங்க சண்டை போடாம இருந்திருந்தா..." (இதை நான் சொல்லவில்லை. கதையிலாவது சொல்லிக்கொள்கிறேன்.)

கோச், வழிவிடச் சொல்லிக் கையசைத்தார்.

3

எதிரணியின் ஓட்டக்காரன் ப்ராக்டரைப் பாத்திரமாக நான் நம்பவில்லை. பந்தோடு ஓடி வந்தவன், எங்கள் ஆட்கள் எல்லாரும் விலகி வழிவிட்டும், கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டான். அவனுக்கும் கணக்குத் தெரியும்! இவ்வளவு மூளையுள்ளவனை வாசகர் ஏற்பாரா? என்ன செய்ய, நின்றான்.

எங்கள் தடுப்பாளன் ப்ரூயிட், ஆட்களை மோதியே மூக்கு கோணியவன், அவன்முன் போய் நின்றான்.

"உள்ள போடா."

"மாட்டேன்."

"வாசல் தொறந்துதானே கெடக்கு, போய்த் தொலைடா!"

"உன் வீட்டு விருந்து எனக்கு வேணாம் மச்சி." ப்ராக்டர் முழங்காலை மடக்கி உட்காரப் போனான். (முழங்கால் தரையில் பட்டால் பந்து அங்கேயே நிற்கும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.)

ப்ரூயிட் அவனை இடுப்போடு தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான், குழந்தையைத் தொட்டிலில்— (உவமை வேண்டாம். நூறு கிலோ.) எங்கள் ரசிகர்களே ஊளையிட்டார்கள்.

4

முடிவு அ: அடுத்து நாங்கள் ஸ்கோர் செய்து வென்றோம். நாளிதழில்: கோச்சின் துணிச்சல்.

முடிவு ஆ: தோற்றோம். நாளிதழில்: கணக்குப் படித்த பெண்ணின் கோளாறு.

முடிவு இ: வென்றோம், கோச் என்னை மேடைக்கு அழைத்து— (நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

கடிகாரத்தில் இன்னும் நேரம் இருக்கிறது. பந்து எங்களிடம். நான் இங்கேயே நிறுத்துகிறேன். இதற்குமேல் எப்படிப் போனாலும் கதை என் கையைவிட்டுப் போய்விடும். மிச்சத்தை நீங்கள் ஆடிக்கொள்ளுங்கள். ஜெயிக்க வையுங்கள், தோற்க வையுங்கள். உள்ளே விடச் சொன்னது யார் என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.