பாதி அடி

சுடலைமாடனைக் கயிலாயத்திலிருந்து பூமிக்கு இறக்கிக் கொண்டுவரத் தளவாயின் அப்பா வாங்கிய கூலி பதினெட்டு ரூபாய். கூடவே ஒரு துண்டு, இரண்டு தேங்காய் மூடி. வள்ளியூர்ப் பக்கத்துக் கோயில் கொடைகளில் அதுதான் நிலவரம். அதிலும் இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்கிறவர்கள் உண்டு. சாமியை வரவழைப்பது மலிவுதான். வந்த சாமியைத் திருப்பி அனுப்புவதில்தான் கை கடிக்கும். கணியான் கூத்தில் மகுடம் என்கிற வட்டப்பறை இரண்டு. ஒன்று உச்சம், ஒன்று மந்தம். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அடிக்கு வந்ததும் சாமியாடி துள்ளுவார். கூப்பிட்ட கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுத்தால்தான் சாமி மலையேறும். அப்பாவின் இடது முன்கை காய்கறி நறுக்கும் பலகை மாதிரி இருக்கும்.

தன் கை அப்படி ஆகக்கூடாது என்றுதான் தளவாய் பதினேழு வயதில் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினான். பழவங்காடியில் பிச்சைக்கனி முதலாளியின் பாத்திரக்கடையில் வேலை. இந்த 1973-ல் அவனுக்கு இருபத்துமூன்று. மணிக்கட்டில் ஒரு கீறல் கிடையாது. மற்றவர்கள் வாட்ச் பார்ப்பதுபோல அவன் அவ்வப்போது வெறுங்கையைத் திருப்பிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருக்கும்போது பின்கட்டில் ராக் பேண்ட் ஒத்திகை நடக்கும். மூன்றே பேர். கிதார் வாசித்துப் பாடுகிறவன் ஞானசிகாமணி. அவன் அம்மா தாசம்மாள் சர்ச்சில் ஹார்மோனியம் வாசிக்கிறவள், பையன் நாலு குரல் பாட்டைத் தொட்டிலிலேயே கேட்டவன். பேஸ் கிதார் அனந்தசிவன். கோட்டைக்குள் அக்ரஹாரம், எட்டு வருஷம் மிருதங்கம். தாளத்தில் ஓட்டை இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. டிரம்ஸ் தளவாய். எங்கே படித்தாய் என்று யாராவது கேட்டால், "அண்டா குண்டான்ல" என்று முடித்துவிடுவான்.

ஓண வாரத்தில் ஒரு கிளப்பில் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிறவர்களுக்குக் கோவளத்து ஓட்டலில் மூன்று மாதம் வாசிப்பு. ஊரிலுள்ள பேண்டெல்லாம் அதே நாலு சீமை ரிக்கார்டைத்தான், கீறல் விழுந்த இடம் உட்பட, அப்படியே வாசித்துக்கொண்டிருந்தன. புதுச் சரக்கு இல்லையே என்று ஞானசிகாமணி தவித்துக்கொண்டிருந்த நாளில், தளவாய் ஏதோ நினைப்பில் ஒரு பித்தளை அண்டாவைத் தட்டினான்.

"எடே, அது ஏது அடி? இன்னொருக்கா போடு."

"அது ஒண்ணுமில்ல. விடுடே."

"ஒண்ணுமில்லாததுக்கா எனக்கு ரோமம் எழும்பி நிக்குது? பாரு கையை. போட்டிக்கு இதுதான், கேட்டியா."

"அது கொடைக்குள்ள அடி. வெளிய வாசிக்கப்பிடாது. மாடன் எறங்கிரும்."

"எங்க வீட்டில மூணு தலைமுறையா வேதப்புஸ்தகம். உங்க மாடன் என்னை எந்து செய்யும்?"

"ஒன்னைய ஒண்ணும் செய்யாது. என் கையைல்லா கேக்கும்!"

அவர்கள் நின்றிருந்தது பாத்திரக்கடை, பேரம் படியாமல் யாரும் அங்கிருந்து வெளியே போனதில்லை. முக்கால் அடியாவது கொடு என்று ஞானசிகாமணி ஆரம்பித்தான். கால்தான் என்றான் தளவாய். கடைசியில் பாதிக்குப் படிந்தது: உச்சத்தின் அடி மட்டும், மந்தம் விழவேண்டிய இடமெல்லாம் வெறுமனே கிடக்கும். ஒரு தட்டு மட்டும் உள்ள தராசில் சாமி என்னத்தை நிறுக்கும் என்று தளவாய் தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டான்.

வாசித்துப் பார்த்தபோது அனந்தசிவன் முகம் சுளித்தான்.

"என்னடா இது, பல்லுப் போன வாய் மாதிரி இருக்கு? நடுவில என்னமோ வரணுமே."

"வரப்பிடாது சிவா. அந்த எடத்துல நீ கையை மடக்கிட்டு நில்லு."

"சரிடா, நிக்கறேன். அதுக்கு ஏன் இப்படி முறைச்சுண்டு நிக்கறே?"

அனந்தசிவனின் கை நின்றது. கால் கட்டைவிரல் மட்டும் அந்த வெற்றிடங்களில் தரையைத் தட்டியது. தளவாய் அதைப் பார்த்தான். கால்தானே என்று விட்டுவிட்டான்.

போட்டி சாயங்காலம் நாலு மணிக்கு. ஹால் முழுக்க பெல்பாட்டமும் விசிலும். மூன்றாவது பாட்டின் நடுவில் தளவாய் உச்சத்தைத் தொடங்கினான். முதல் சுற்றிலேயே விசில் அடங்கியது. இரண்டாவது சுற்றில் ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன. மூன்றாவது சுற்றில், பேஸ் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கும்மென்று ஒரு அடி விழுந்தது. நூல் பிசகாமல், மந்தம் விழவேண்டிய அதே இடத்தில்.

தளவாய் திரும்பிப் பார்த்தான். அனந்தசிவன் கண்ணை மூடியிருந்தான். எட்டு வருஷப் பழக்கம், விரல் தானாகப் போய் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது.

"சிவா! நிறுத்து!"

அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? தானாவது நிறுத்தலாமா? பாதி வழியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவன் ஊரில் எவருக்கும் தெரியாது. நிறுத்திப் பார்த்தவர் இல்லை. குச்சி ஓடிக்கொண்டேயிருந்தது.

ஞானசிகாமணியின் கிதார் தொப்பென்று கீழே விழுந்தது. அவன் தோள் நடுங்கியது. இடது காலைத் தூக்கி, ஒற்றைக் காலில், மூச்சு விடாமல் நின்றான். சாமியாடிக் குடும்பத்து ஆள் மட்டும்தான் அப்படி நிற்பான். வேதப்புஸ்தகத்துக்கு முன்னால் அந்த வீட்டில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டிருக்கவில்லை, தாசம்மாளும் சொல்லியிருக்கவில்லை.

"எவம்லே என்னையக் கூப்ட்டது?"

ஞானசிகாமணி பிறந்ததிலிருந்து பேசியறியாத தமிழ். மைக்கில் ஹால் முழுக்கக் கேட்டது.

"கூப்ட்டுட்டுச் சும்மா இருக்கியளோ? கை எங்கலே?"

ஹால் எழுந்து கைதட்டியது. முன்வரிசை நடுவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சாய்ந்து, "அஸ்ஸலாயி" என்று மெச்சினார். ஞானசிகாமணியின் உதடு நீலம் பாரித்து, கண் மேலே செருகிக்கொண்டிருந்தது. கை ரத்தம் கொடுக்காவிட்டால் ஆடுகிறவனையே எடுத்துக்கொண்டு போவது மாடன் வழக்கம். தளவாய் தன் மணிக்கட்டைக் கடைசியாக ஒருமுறை திருப்பிப் பார்த்தான். வாடகை சிம்பலின் விளிம்பு ஒரு இடத்தில் பிளந்திருந்தது. அதில் வைத்து இழுத்தான்.

ஞானசிகாமணி குனிந்து, விரலால் ரத்தத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டான். அப்பாவின் கூத்தில் இதோடு முடிந்துவிடும். சாமி ஒரு கொட்டாவி விட்டுப் போய்விடும். இங்கே கொட்டாவி வரவில்லை. அந்தக் கண் தளவாயை விட்டு மெதுவாக அனந்தசிவனிடம் போனது. பேஸ் நின்றது.

"உச்சத்துக்கு ஒருத்தன். மந்தத்துக்கு ஒருத்தன்." அவன் தன் நெஞ்சிலேயே ஓங்கி அடித்துக்கொண்டான். "வேணும்னு கேட்டு வாங்குனது இந்தப் பய. ஒருத்தன்தாம்லே தந்திருக்கான்."

சொல்லிவிட்டு அப்படியே சரிந்தான்.

தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து, "எடே, நல்லாயிட்டு வந்துதா?" என்று அவன் தன் சொந்தக் குரலில் கேட்டபோது, மைக்கில் முதல் பரிசை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். கோவளம், மூன்று மாதம், அந்தக் கடைசி உருப்படி தினமும் கட்டாயம் வேண்டும் என்றார் ஓட்டல்காரர். அனந்தசிவன் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு எங்கோ பார்த்து நின்றான். தளவாய் மணிக்கட்டில் துண்டைச் சுற்றி, பல்லால் முடிச்சை இழுத்தான். கூப்பிட்டது மூன்று பேர். வரவு ஒன்று. பாக்கி இரண்டு.