அம்மாக்களைக் கேட்காமல்

“எல்லாக் கொழந்தைகளையும் மறுபடி டெஸ்ட் பண்ணணுங்க சார். இந்த வாட்டி அம்மாக்களைக் கேக்காம.”

இதை மட்டும் கேட்காதே என்று கலாவதி அக்கா முதல் வாரமே எச்சரித்திருந்தார். சம்பளம் கேள், லீவு கேள், கட்டுரையில் பெயர்கூடக் கேள். எடுத்து முடித்த கணக்கைத் திரும்ப எடுக்கலாமா என்று சிவராமகிருஷ்ணன் சாரிடம் வாயெடுத்தால் உன் விசா பேப்பர் அவர் மேஜையிலேயே தூங்கும் என்றார். அக்காவுடையது அப்படித் தூங்கியிருக்கிறது.

சார் பேனாவை மூடினார். “உக்காரு வான்மதி.”

“நின்னுக்கறனுங்க.”

ஜெர்சி சிட்டியில் குடியேறிய எகிப்தியக் குடும்பங்களின் இரண்டு வயதுக் குழந்தைகளைப் பற்றியது எங்கள் ஆய்வு. நடை, பேச்சு, கைவேலை எல்லாம் வயதுக்கேற்ப வந்துவிட்டதா? வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் கேட்டு வருவது என் வேலை. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பின்தங்கியிருப்பதாக முடிவு வந்திருந்தது. அதைத்தான் சார் வாஷிங்டனில் வாசிக்கப் போகிறார்.

போன செவ்வாய்க்கிழமை நாடியா என்ற பெண்ணின் வீட்டில் குடையை மறந்து வைத்துவிட்டேன். மகள் வாயே திறப்பதில்லை என்று உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பியவள். குடைக்காகத் திரும்பிப் போனால், அந்தக் குட்டி நாற்காலி மேல் ஏறி நின்று டெலிபோனில் யாரையோ அரபியில் திட்டிக்கொண்டிருந்தது. நாடியா ஓடி வந்து அதன் முகத்தைத் தன் பாவாடையில் மறைத்தாள். “பிளீஸ், நோ லுக்,” என்றாள். அவள் விரல், கண் படாமலிருக்கக் குழந்தையின் சட்டைக்குள் குத்தியிருந்த நீலமணியைத் தேடியது.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் கோபம். தாராபுரத்தில் என் அம்மா, தின்று கொழுத்த என் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே “ஒரு வாய் எறங்க மாட்டேங்குதுங்க” என்று ஊரெல்லாம் சொன்னவள். பேனாவோடு வந்து நிற்கும் அந்நியப் பெண்ணிடம் எவள் தன் பிள்ளையின் சமர்த்தைச் சொல்லுவாள்? எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் தமிழர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நான் இதையெல்லாம் சொன்னதும், “திருஷ்டியா?” என்றார் சார். “அவ்வளவு பெரிய கான்ஃபரன்ஸ்ல போய் திருஷ்டின்னு சொல்லச் சொல்றியா?”

“தீபாவளி பார்ட்டில நஞ்சுண்டன் அங்கிள் உங்க பையனைப் பத்திக் கேட்டாருங்களே, என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்?”

“‘ஏதோ படிக்கறான், டிவியே கதி’ன்னீங்க. அவன் கணக்குல ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த வாரமுங்க அது.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் கலாவதி அக்கா தட்டிக்கொண்டிருந்த கீபோர்டு சத்தம் நின்றது. சாரின் காது சிவந்தது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார்.

“சரி, எல்லா அம்மாவும் பொய்தான் சொல்றான்னே வெச்சுக்கோ. அந்தக் கரீம்?”

கரீமைப் பற்றியும் நானேதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

கரீம் நாடியாவின் எதிர்வீட்டுப் பையன். அவன் அம்மாவும் அதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தாள். ஆனால் அவன் ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. நாடியா வீட்டில் பார்த்த பிறகு அங்கேயும் போனேன். இந்த முறை அவன் அம்மா சிரித்தாள். கரீம் எல்லாம் பேசுவான், வெரி குட் பாய் என்றாள். பையனைக் காட்டவில்லை. தூங்குகிறான் என்று கதவைச் சாத்தினாள். குழந்தையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவோம் என்று யாராவது பயமுறுத்தினார்களா? முதலில் சொன்னது பொய்யா, பிறகு சொன்னதா?

“இந்த நம்பரைக் காட்டித்தான் அந்தத் தெருவுக்கு கவர்மெண்ட்ல தெரபிஸ்ட் கேக்கறேன்,” என்றார் சார். “எல்லாம் தப்புன்னு எழுதினா எல்லாக் கொழந்தையும் சௌக்கியம்னு ஃபைலை மூடிடுவா. கரீமுக்கு யார் வருவா? நீ வருவியா?”

“நல்லாப் பேசற புள்ளைங்களையும் மந்தம்னு சொல்லித் தனியா உக்கார வெப்பாங்களே, அது பரவால்லீங்களா?”

“எக்ஸ்ட்ரா ஹெல்ப் கெடைச்சு யாரும் கெட்டுப் போனதில்லை.”

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என் அண்ணனுக்கு மந்தம் என்று பெயர் வைத்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நேராக மில்லுக்குப் போனான். இதைச் சாரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் பேசியது தப்பென்று ஆகியிருக்காது. அதுதான் எரிச்சல். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்! நான் சொல்வதும் சரி, அவர் சொல்வதும் சரி என்றால், அந்தப் பையன் யாருடைய கணக்கில் விழுகிறான்?

“வெள்ளிக்கிழமை நான் வாஷிங்டன் கெளம்பறேன். அதுவரைக்கும் நீ எந்த வீட்டுக்கும் போகப்படாது. போனா உன் பேப்பர்ல நான் சைன் பண்ண மாட்டேன். புரியறதா?”

“புரியுதுங்க.”

அன்றைக்கு எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

அலமாரியைத் திறந்து, குழந்தைகளை டெஸ்ட் பண்ண வைத்திருந்த மரக்கட்டைகள், கிலுகிலுப்பை, படப் புத்தகம் எல்லாவற்றையும் பையில் போட்டேன். கலாவதி அக்கா பின்னாலேயே வந்தார்.

“எங்கடி போற?”

“கரீம் வீட்டுக்கு.”

“அவ கதவைத் தொறக்கலைன்னா?”

“தொறக்கற வரைக்கும் படில உக்காந்துக்கறேன்.”

“பையன் நல்லாப் பேசினான்னா?”

“பேசறான்னு எழுதுவேன்.”

“பேசலைன்னா?”

“அவனுக்கு மட்டும் தனியா ஒரு டாக்டரைத் தேடணும். யாருன்னு தெரியலக்கா. சார் சொல்றதுதான் சரியோ என்னவோ, அதுவும் தெரியல.”

“கிறுக்கி! விசா?”

லிஃப்ட் வரும்வரை நிற்க எனக்குப் பொறுமையில்லை. படியில் இறங்கினேன்.