எங்கள் கடையில் இல்லாத புத்தகம்

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ரிட்டயர் ஆன மறுவருஷமே ஒரு புத்தகம் எழுதினார். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டிலேயே சர்க்கரை நோயை விரட்டிவிடலாம் என்பது அவர் கட்சி. அவருக்கு ஓடிப்போயிற்றாம். அட்டையில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி பதினேழு வருஷமாகப் புத்தகக்கடை நடத்துகிறாள். நான் எலக்ட்ரீஷியன், வேலை இல்லாத நாளில் அங்கே ஏணி ஏறுவது என் பொறுப்பு. மச்சான் ஐம்பது பிரதிகளைக் கட்டோடு கொண்டுவந்து, வாசல் பக்கத்து மேஜையைத் தானே காலி செய்ய ஆரம்பித்தார்.

"படிச்சிட்டுச் சொல்றேண்ணா," என்றாள்.

இரண்டு நாள் படித்தாள். மூன்றாம் நாள் அவரை வரச்சொல்லி, முகத்துக்கு நேரே சொன்னாள்.

"இதை நான் விக்க மாட்டேண்ணா."

"நல்லா எழுதலையா?"

"நல்லா எழுதியிருக்கே, அதான் பயம். படிச்சவர் நாளைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டுடுவார்."

"தடை போட நீ யாரு?"

"நான் எங்க தடை போட்டேன்? ஊர்ல இன்னும் நாலு கடை இருக்கு. என் மேஜைல வெச்சா, நம்பி வாங்குங்கன்னு நானே சொன்ன மாதிரி."

மச்சான் ஏணியில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்தார். "நீங்களாவது சொல்லக்கூடாதா மாப்ள?"

"கடை அவளோடது மச்சான்," என்றேன். அன்றோடு என்னிடமும் பேச்சை நிறுத்திவிட்டார்.

புத்தகம் பஸ் ஸ்டாண்டு கடையில் சக்கைப்போடு போட்டது. எங்களிடம் வந்து கேட்டவர்களுக்கு அவளே வழி சொல்லி அனுப்பினாள். கூடவே, "டாக்டரைக் கேக்காம மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க," என்பாள்.

அடுத்த மாதம் எங்கள் டாக்டர் ஒரு மனுவோடு வந்தார். ஊரில் எந்தக் கடையிலும் அதை விற்கக்கூடாது என்று எழுதியிருந்தது.

"கூடப்பொறந்த தங்கச்சியே வேண்டாம்னு சொன்ன புத்தகம். உங்க கையெழுத்துதான்மா முதல்ல வேணும்."

அவள் முழுக்கப் படித்துவிட்டுப் பேனாவை மூடினாள். "நான் விக்காதது என் முடிவு டாக்டர். விக்கிறது பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் முடிவு. நாளைக்கு நாலு பேர் வந்து, என் கடைல ஒரு புத்தகத்தைக் காட்டி இதை விக்காதேன்னா, நான் எந்த முகத்தோட மாட்டேன்னு சொல்றது? அதுல இருக்கற தப்பை நீங்க எழுதிக் குடுங்க. முன் மேஜைல வெக்கிறேன்."

டாக்டருக்கு முகம் சுருங்கித்தான் போயிற்று. ஆனாலும் பத்தே நாளில் பதினாறு பக்கம் எழுதி, அச்சடித்துக் கொண்டுவந்தார். சொன்னபடி முன் மேஜையில் வைத்தாள்.

மனு விஷயமும் இதுவும் மச்சான் காதுக்குப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்தப் பதினாறு பக்கத்தையும் நின்றபடியே படித்தார்.

"என்னைத்தான் திட்டியிருக்கார்."

"ஆமாண்ணா."

ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிறகு ஊர் நூலகத்தில் தன் புத்தகத்தைப் பற்றி மச்சான் பேசினார். நாங்கள் மூன்றாம் வரிசையில் இருந்தோம். ஒருவர் எழுந்து, "உங்க தங்கச்சி கடைல இது கிடைக்குமா?" என்று கேட்டார்.

"கிடைக்காது," என்றார் மச்சான். "அண்ணன் புத்தகம்னுகூடப் பாக்கல, விக்க மாட்டேன்னுட்டா. ஆனா எந்தக் கடைலயும் இருக்கக் கூடாதுன்னு வந்தவங்களுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா. அதோ உக்காந்திருக்கா, என் தங்கச்சி."

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, என்னவோ நானே சாதித்த மாதிரி.

அவள் என் பக்கம் சாய்ந்து, "இப்பவும் அந்தப் புத்தகம் தப்புதாங்க," என்றாள்.