தவ்வையின் பிள்ளைகள்

"பிள்ளை?"

"கிடத்திப்போட்டு வந்திட்டன்."

"எவடத்திலை?"

"இப்ப கேளாதையும், இரஞ்சிதம்."

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில், அராலிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில், இரண்டு வாங்குப்பலகைகளை ஒட்டிப்போட்டு இரஞ்சிதத்தைக் கிடத்தியிருந்தார்கள். முதல்நாள் வேலணையில், சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்க இடம்பெயர்ந்துகொண்டிருந்த நேரத்தில் பிறந்த பெண்குழந்தை அழவேயில்லை. இரஞ்சிதத்தை அவளுடைய தாயோடு வள்ளத்தில் ஏற்றிவிட்டு, சீலையில் சுற்றிய பிள்ளையோடு கணவர் பரமலிங்கம் மட்டும் பின்தங்கினார். அடுத்தநாள் வந்து சேர்ந்தபோது அவருடைய நகக்கண்ணெல்லாம் மண்.

அவர் சொன்ன 'இப்ப' முடியட்டும் என்று அவள் காத்திருந்தாள். முப்பத்தைந்து வருடம் போய்விட்டது. பிறகு பிறந்த இரண்டு பெடியன்களும் சுவிசில் குடும்பமாகிவிட்டார்கள். இவர்கள் வேலணைக்கே திரும்பி, காணி துப்புரவாக்கி, வீட்டுக்குப் புது ஓடும் போட்டாயிற்று. பனங்காணிக்குள் போகும்போதெல்லாம் அவள் நிலத்தைப் பார்த்தே நடந்தாள். எந்த இடத்தை மிதிக்கக் கூடாது என்று தெரியாமல் நடப்பது எத்தனை வருடமானாலும் பழகிவிடுவதில்லை. கேட்கலாமென்று வாயெடுத்தால், அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திப் பக்கம் வெளிக்கிட்டுவிடுவார்.

இன்று காலை பல்கலைக்கழகத்திலிருந்து தனுசியா என்ற ஆராய்ச்சி மாணவி வந்திருந்தாள். விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். பனங்காட்டம்மன் கோயிலில் முன்பு இருந்த கற்சிலையின் பழைய படம். முழங்கால் உயரம்தான் இருக்கும். சண்டைக்காலத்தில் யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊர் நம்பி, வெளிநாட்டுக் காசில் புதுச்சிலையும் வைத்துவிட்டது.

"சோழர் காலத்துக் கல்லு, ஐயா. தவ்வை எண்டு பேர். லட்சுமிக்கு மூத்தவ. ஒரு காலத்திலை பெருசாக் கும்பிட்டவை. பிறகு சனம் மூதேவியெண்டு தள்ளி வைச்சிட்டுது."

"மூதேவியெண்டு நான் இவவைத்தான் பேசுறனான்," என்று மனைவியைக் காட்டினார் பரமலிங்கம்.

"பேசுங்கோ. தேத்தண்ணியையும் அந்த அம்மாளிட்டையே கேளுங்கோ," என்றாள் தட்டத்தோடு வந்த இரஞ்சிதம்.

தனுசியா சிரித்தாள். "ரெண்டு பக்கமும் நிக்கிறது காவல்காரர் எண்டுதான் முந்தி எழுதி வைச்சிருக்கினம். பிழை. அவவின்ரை பிள்ளையள். ஒரு மகன், ஒரு மகள். அதைத்தான் நான் எழுதப்போறன். படம் மட்டும் காணாது, கல்லு வேணும். உங்கடை குடும்பம்தானே அங்கை விளக்கு வைச்சது?"

பரமலிங்கம் திரையை நோக்கிக் குனிந்தார்.

"மகளோ?"

"ஓம் ஐயா. இடப்பக்கம் நிக்கிறது."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கல்லை ஒருத்தரும் கொண்டு போகேல்லை. நான்தான் மண்ணுக்கை தாட்டனான்," என்றார். இரஞ்சிதத்துக்கே அது புதுச் செய்தி. "காவல்தெய்வம் எண்டுதான் நினைச்சனான்."

தனுசியா கதிரை விளிம்புக்கு வந்துவிட்டாள். "இடம் தெரியுமோ, ஐயா? அனுமதி எடுத்து, பக்குவமாக் கிண்டலாம்."

"தெரியும். கிண்டேலாது, பிள்ளை."

"ஏன் ஐயா?"

அவர் மனைவியைத்தான் பார்த்தார். "அவ அங்கை தனியக் கிடக்கேல்லை."

பச்சைக்குழந்தையைத் தனியே மண்ணுக்குள் விட்டுவர மனம் வராத ஒருவன், எல்லாரும் போய்விட்ட ஊரில் காவலுக்கு யாரைத் தேடியிருப்பான் என்று இரஞ்சிதத்துக்கு விளங்கியது. கோயிலிலிருந்து அந்தக் கல்லைத் தோளில் சுமந்துகொண்டு போயிருப்பார். மற்றக் கையில் பிள்ளை இருந்திருக்கும்.

"சொன்னால் நீர் அவடத்தை விட்டு எழும்பமாட்டீர் எண்டு பயந்தனான்," என்றார் அவர்.

தனுசியா மடிக்கணினியை மெல்ல மூடினாள். தட்டத்தை வைக்க இடம் தெரியாதவள்போல இரஞ்சிதம் இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

"எழும்புவன்," என்றாள். "என்னை ஒருக்கா அவளிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ."